குலுக்கலில் விழாத நடவு அக்கா

என் குலுக்கலில் முதலில் விழுந்தவர் செத்துப்போய் இருபது வருஷம் ஆகியிருந்தது. இரண்டாவதாக விழுந்தவர் அவருடைய அண்ணன். அவர் தம்பிக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்றாவது ஆள் உயிரோடு இருந்தார், ஆனால் சிங்கப்பூரில் இருந்தார். புரட்டாசி வெயிலில், குடவாசல் பக்கத்து ஊர் ஒன்றில், கையில் அறுபது படிவங்களோடு நின்றுகொண்டு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் என்னையே திட்டிக்கொண்டேன்.

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். நாற்பத்து மூன்று வயதாகிறது, இன்னும் தற்காலிக ஆசிரியைதான். முனைவர் பட்டம் வாங்கினால் நிரந்தரமாக்கலாம் என்று சொல்லிச் சொல்லி, பகுதி நேரமாகப் பதிவு செய்து எட்டு வருஷம் ஓடிவிட்டது. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவதும் கடைசியுமான நீட்டிப்பு டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பஸ்ஸில் தூங்கி, சமையலறையில் விடைத்தாள் திருத்தி, பிள்ளைகளின் ஆண்டு விழாவுக்குப் போகாமல் சேர்த்த எட்டு வருஷமும் பழைய பேப்பர் விலைக்குப் போகும்.

தலைப்பைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அதனால் அதில் யாரையும் குறை சொல்ல முடியாது என்பதே ஒரு எரிச்சல். சிறு உலக வலைப்பின்னல் என்று பெயர். விஷயம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஒரு வாய்க்காலின் தலைமடையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்தி கடைமடைக்காரருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? ஒவ்வொருவரும் பக்கத்து வயல்காரரிடம் மட்டும் பேசினால் செய்தி நூறு கை மாற வேண்டும். ஆனால் எந்த ஊரிலும் சில பேர் நாலு ஊர் தாண்டி ஆள் வைத்திருப்பார்கள். அந்தத் தாண்டல் கொஞ்சம் இருந்தால் போதும், நூறு கை ஐந்தாகிவிடும். உலகம் சிறியது என்று நாம் கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்வோமே, அதன் கணக்கு இதுதான்.

ஊர் முழுக்கப் போய்க் கேட்க என்னிடம் நேரமும் இல்லை, காலும் இல்லை. ஆகவே குலுக்கல் முறை. ஊர்ப் பட்டியலிலிருந்து கணினியே தற்போக்காக அறுபது பேரைப் பொறுக்கித் தரும். அந்த அறுபது பேரிடமும், தண்ணீருக்கோ விதைக்கோ நடவு ஆளுக்கோ யாரைக் கேட்பீர்கள் என்று ஐந்து பெயர் வாங்க வேண்டும். அதிலிருந்து ஊரின் வலையை ஊகிக்க வேண்டும். காகிதத்தில் எழுதும்போது அழகாகத்தான் இருந்தது.

பட்டியல் என்று நான் எடுத்துக்கொண்டது நிலப் பட்டா வைத்திருப்பவர்களின் பட்டியல். டெல்டாவில் பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கே புத்தி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் பட்டாவில் பெயர் மாற்றுவது என்றால் அண்ணன் தம்பி எல்லோரும் ஒரு நாள் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். அது நடக்கிற காரியமா? தாத்தா பேரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆக, என் கணினி மிகவும் நேர்மையாக, ஒருபக்கச் சாய்வே இல்லாமல், செத்துப் போனவர்களைப் பொறுக்கிக் கொடுத்திருந்தது.

ஊரிலிருந்தே என் நெறியாளருக்குப் போன் போட்டேன். அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிறவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு கொள்கை இல்லாதவர்.

“செத்துட்டாங்கன்னா பக்கத்து வீட்டைப் போட்டுக்கம்மா. அதுக்கு எதுக்கு எனக்குப் போன் பண்ற?”

“சார், அப்படி மாத்துனா அது குலுக்கலே இல்லையே.”

“ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். எந்தச் சோறா இருந்தா என்ன?”

எட்டு வருஷத்தில் இந்தப் பழமொழியை அவர் என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். பானையில் ஒரு சோறு இன்னொரு சோற்றோடு பேசுவதில்லை சார், நான் தேடுவது சோற்றை இல்லை, அந்தப் பேச்சைத்தான் என்று வாய் வரை வந்தது. ஆனால் அவர் கையெழுத்து வேண்டும். பக்கத்து வீட்டைப் போட்டுக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் யார் இருப்பார்கள்? பகல் பத்து மணிக்கு வீட்டில் இருக்கிறவர்கள்தான் இருப்பார்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற வயசாளிகள். எங்கேயும் போகாதவர்கள். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டிவி பார்ப்பவர்கள். இவர்களிடம் ஐந்து பெயர் சொல்லுங்கள் என்றால், அத்தனை பேரும் முதல் பெயராக முன்னாள் ஊராட்சித் தலைவரையே சொன்னார்கள். நான் பதினைந்தாவது வீட்டில் பொறுமை இழந்து கேட்டேன்.

“அவர் திருச்சியில இருக்காருன்னு சொல்றாங்களே. பொங்கலுக்குத்தான் வருவாராமே. அவர்கிட்டயா நீங்க விதைநெல்லு பத்திக் கேக்கறீங்க?”

“கேக்கறது இல்லைங்க டீச்சர். ஆனா பேரு எழுதறீங்கன்னா முதல்ல அவங்க பேரைத்தான போடணும்? விட்டுட்டோம்னு நாளைக்கு வந்துடக் கூடாது.”

கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுகிற வரிசை. மரியாதைக்கு ஒருவர், பிறகு பெரியப்பா, பிறகு சித்தப்பா, பிறகு மச்சான். இன்னும் சில பேர் இது வெள்ள நிவாரணப் பட்டியல் என்றோ பயிர்க் காப்பீடு என்றோ தாங்களாகவே முடிவு செய்துகொண்டு, கஷ்டப்படுகிற சொந்தக்காரர்களின் பெயராகப் பார்த்துச் சொன்னார்கள். இல்லை, இது வெறும் ஆராய்ச்சி என்று நான் சொல்லச் சொல்ல, சரிங்க சரிங்க, நாங்க வெளியில சொல்லல என்று கண்ணைச் சிமிட்டினார்கள். இதற்கு மேல் என்ன சொல்வது?

அப்படி ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு பெண் வந்தார். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட போன், முழங்கால் வரை சேறு. என் வயதுதான் இருக்கும். நடவுக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகிறவர், ஊரில் நடவு அக்கா என்பார்கள். வீட்டுக்காரரிடம் எந்தத் தேதிக்கு ஆள் வேண்டும் என்று கேட்க வந்தவர், என் கேள்வியைக் கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்கிட்ட கேளுங்க டீச்சர். அஞ்சு என்ன, அம்பது பேரு சொல்றேன்.”

“நீங்க லிஸ்ட்ல இல்லைங்க.”

“லிஸ்ட்ல இல்லாட்டி என்னங்க, ஊர்ல இருக்கேன்ல?”

வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். குலுக்கலில் விழாத ஆளைச் சேர்க்கக் கூடாது என்பதை ஒழுங்காகக் கடைப்பிடித்துவிட்ட திருப்தி எனக்கு. செத்தவருக்குப் பதில் பக்கத்து வீட்டைச் சேர்த்தவள், உயிரோடு எதிரே நின்றவரிடம் விதி பேசினேன்.

அந்த வீட்டிலிருந்து அடுத்த தெருவுக்கு வரப்பு வழியாகப் போனால் கிட்டம் என்றார்கள். போனேன். வழுக்கி வாய்க்காலில் விழுந்தேன். படிவங்களை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டேனாம், பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். பின்னாலேயே வந்த அந்த நடவு அக்காதான் கை கொடுத்துத் தூக்கி, பம்புசெட்டில் கால் கழுவ வைத்தார்.

“உங்களுக்கு எந்த ஊருங்க?”

“தஞ்சாவூர்தான். கட்டிக் கொடுத்தது திருவிடைமருதூர்.”

“திருவிடைமருதூர்ல எந்தத் தெரு?”

தெருவைச் சொன்னேன். மாமியார் வீட்டு அடையாளமும் சொன்னேன். நம் ஊரில் யாரும் இதைக் கேட்காமல் விடுவதில்லை, நாமும் சொல்லாமல் இருப்பதில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். நான் ஈரப் புடவையோடு பஸ் ஏறினேன். பஸ் கும்பகோணம் வந்து சேரவில்லை, அதற்குள் மாமியாரின் போன்.

“ஏம்மா, வாய்க்கால்ல விழுந்துட்டியாமே? காலுக்கு ஒண்ணும் இல்லையே? புதுப் புடவை வேறயாமே?”

“அத்தை, உங்களுக்கு யாரு சொன்னது?”

“யாரோ சொன்னாங்க. நீ முதல்ல வீட்டுக்குப் போய் எண்ணெய் தேய்ச்சு விடு.”

எரிச்சலாக வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று சொல்வார்கள், சரிதான் என்று நினைத்துக்கொண்டு போனைப் பையில் போட்டேன். அந்த நேரத்தில் என் ஆய்வின் விடையே என் காதில் வந்து விழுந்திருக்கிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை. எட்டு வருஷம் படித்த படிப்பு.

இரண்டு வாரம் கழித்து, அறுபது படிவங்களையும் ஏற்றி, அந்த ஊரைப் போலவே கணினியில் ஆயிரம் பொய் ஊர்களை உண்டாக்கி, செய்தி எத்தனை கை மாறுகிறது என்று ஓடவிட்டேன். பதினொரு கை என்று வந்தது. அதுவும் ஊருக்குள்ளேயே. வெளியூருக்கு வழியே இல்லை. ஆயிரம் ஊரிலும் முன்னாள் ஊராட்சித் தலைவர் சிலந்தி மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தார். அவரை எடுத்துவிட்டால் வலை பொலபொலவென்று உதிர்ந்தது. நெறியாளருக்கு ஒரே மகிழ்ச்சி. டெல்டா கிராமம் சிறு உலகம் அல்ல என்பது புதிய கண்டுபிடிப்பாம். அன்றைக்கே ஒரு கருத்தரங்குக்கு எங்கள் இருவர் பெயரிலும் கட்டுரை அனுப்பிவிட்டார்.

எனக்கு மட்டும் அந்தப் பதினொன்று தொண்டையில் முள்ளாக நின்றது. மாவரைத்துக்கொண்டிருந்தபோதுதான் சட்டென்று தோன்றியது: நான் வாய்க்காலில் விழுந்த சேதி குடவாசலிலிருந்து திருவிடைமருதூருக்கு ஒரு மணி நேரத்தில் எப்படிப் போயிற்று? கிரைண்டரை நிறுத்திவிட்டு மாமியாரைக் கூப்பிட்டேன்.

“அத்தை, அன்னைக்கு நான் விழுந்ததை யாரு சொன்னாங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“அதுக்கு இப்போ என்ன? நம்ம ஜாக்கெட் தைக்கறவதான் சொன்னா. அவ தங்கச்சி அந்தப் பக்கம் நடவுக்கு ஆள் கூட்டிட்டுப் போறாளாம். அவதான் போன்ல சொல்லியிருக்கா.”

மூன்றே கை. நடவு அக்கா, அவருடைய அக்கா, என் மாமியார். மூன்று பேரில் ஒருவர் பெயரிலும் ஒரு குழி நிலம் கிடையாது. என் பட்டியலில் அவர்கள் எந்தக் காலத்திலும் வரப் போவதில்லை. நான் தேடிக்கொண்டிருந்த அந்தத் தாண்டல் சேற்றுக் காலோடு என் எதிரில் வந்து நின்று, என்னிடம் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறது. நான்தான் நீங்க லிஸ்ட்ல இல்லைங்க என்று அனுப்பியிருக்கிறேன். கையில் மாவோடு உட்கார்ந்து அழுதேன். துக்கமில்லை, ஆத்திரம்.

மறுநாள் நெறியாளரிடம் ஓடினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

“இதுக்கா இவ்வளவு பதட்டம்? அந்த அம்மாவையும் ஒரு ஆளா சேர்த்துடு. அறுபத்தொண்ணு. முடிஞ்சது.”

“சேர்க்க முடியாது சார். அவங்க குலுக்கல்ல விழல. நான் வாய்க்கால்ல விழுந்ததால அவங்க கிடைச்சாங்க.”

“அப்ப விட்டுடு.”

“விட்டா மாடல் பொய் சொல்லுது.”

“சேர்த்தா தப்பு, விட்டா பொய். உனக்கு என்னதான்மா வேணும்?”

என் சிக்கலும் அதுதான். வசதியாகக் கண்ணில் பட்ட ஆளைச் சேர்த்துக்கொண்டால், நமக்குப் பிடித்த விடைக்கு நாமே ஆள் பிடித்ததாகிவிடும். சேர்க்காவிட்டால் ஊர் ஊமையாகிவிடும். ஒரே வழி, ஊரிலுள்ள எல்லோரும் இருக்கிற பட்டியலில் இருந்து மறுபடி குலுக்குவது. கார்த்திகை பிறந்துவிட்டது. வெளியே மழை ஊற்றுகிறது. கையில் நாற்பது நாள்கூட இல்லை.

வாக்காளர் பட்டியலை வாங்கினேன். ஆணும் பெண்ணும், நிலம் இருப்பவரும் இல்லாதவரும் எல்லோரும் அதில் இருந்தார்கள். செத்தவர்கள் கொஞ்சம் பேர் அதிலும் இருந்தார்கள், ஆனால் பட்டா அளவுக்கு மோசமில்லை. நடவு அக்காவின் வரிசை எண் இருநூற்றுப் பதினேழு. அதைப் பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டேன். நாற்பது பேரைக் குலுக்கினேன். இருநூற்றுப் பதினெட்டு விழுந்தது.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது தடவை ஓடவிட்டேன். பரீட்சையில் மாணவர்களுக்கு இதையே கேள்வியாகக் கொடுத்திருக்கிறேன், விரும்பிய விடை வரும் வரை மறுபடி மறுபடி குலுக்குவது ஏன் தவறு என்று. யாருக்குத் தெரியப் போகிறது? இரண்டாவதிலும் இருநூற்றுப் பதினேழு இல்லை. மூன்றாவது முறையும் ஓடவிட்டேன். அதிலும் இல்லை. நேர்மையாக இருக்கவும் துப்பில்லை, திருடவும் துப்பில்லை என்று மடிக்கணினியை மூடிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, முதல் குலுக்கலையே வைத்துக்கொண்டேன்.

இந்த முறை கேள்வியையும் மாற்றினேன். பெயர் சொல்லுங்கள் என்று கேட்டால்தானே பத்திரிகை வரிசை வருகிறது? போனை எடுங்கள், கடைசியாக வயல் விஷயமாக யாருக்குப் பேசினீர்கள், எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஆள் இல்லாத வீட்டுக்கு மூன்று தடவை போனேன். பக்கத்து வீட்டைப் போடவே இல்லை. மழையில் குடை இரண்டு தடவை திரும்பிக்கொண்டது, மூன்றாவது தடவை கம்பி ஒடிந்தது.

இருநூற்றுப் பதினெட்டாம் எண்ணின் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போது, பக்கத்து வீட்டிலிருந்து நடவு அக்கா எட்டிப் பார்த்தார்.

“இந்தத் தடவையும் நான் இல்லையாங்க?”

“இல்லைங்க. கம்ப்யூட்டர் பொறுக்கறது. என் கையில இல்ல.”

“அது சரி. அந்தக் கம்ப்யூட்டருக்கு என்னைத் தெரியாது.”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுருக்கென்றது. உள்ளே போய் உட்கார்ந்தேன். அந்த வீட்டுப் பெண் போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். வரிசையாக ஒரே பெயர். நடவு அக்கா, நடவு அக்கா, நடவு அக்கா.

“இவங்கதாங்க. அதோ, அடுத்த வீடு.”

அடுத்த தெருவில் ஒரு குத்தகைக்காரர் போனிலும் அதே பெயர். கடைமடைப் பக்கம் ஒரு டிராக்டர் ஓட்டுநர் போனிலும் அதே பெயர். முப்பத்தெட்டுப் பேர் அகப்பட்டார்கள்; அதில் இருபத்தாறு பேர் போனில் அவர் இருந்தார். குலுக்கலில் விழாவிட்டாலும், விழுந்தவர்கள் அவரைச் சுட்டிக் காட்டினால் அவரிடமும் கேட்கலாம் என்பது விதியிலேயே இருக்கிறது.  குடையில்லாமல் நனைந்துகொண்டே அவர் வீட்டுக்குப் போனேன்.

“இப்ப நீங்க வந்துட்டீங்க. உங்க பேரை இருபத்தாறு பேரு சொல்லியிருக்காங்க. இனிமே நீங்க இல்லாம இந்த ஊருக்குக் கணக்கே கிடையாது.”

“என் பேரு அச்சுல வருமா?”

“பேரு வராதுங்க. யார் பேரும் வராது. நம்பர்தான் வரும்.”

“நம்பராவது வரட்டும்” என்று சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்தார். திருவிடைமருதூர் அக்கா. குத்தாலத்தில் நாற்றங்கால் போடுகிற ஒருவர். மேற்கு வங்கத்திலிருந்து நடவுக்கு ஆள் அழைத்து வருகிற ஒருவர். அவரோடு அரைத் தமிழும் அரை இந்தியுமாகப் பேசிச் சமாளிப்பதாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். முன்னாள் ஊராட்சித் தலைவர் அந்தப் போனில் எங்கேயும் இல்லை.

புதிய தரவை ஏற்றி ஓடவிட்டபோது நான்கு கை என்று வந்தது. நான்கு! எட்டு வருஷத்தில் முதல்முறையாக ஒரு எண்ணைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டு அத்தியாயங்களைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதினேன். டிசம்பர் முப்பதாம் தேதி அச்செடுத்து, பைண்டிங் செய்து, நெறியாளர் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அவர் முடிவுரையை மட்டும் படித்தார்.

“இதுல ஊரு சிறு உலகம்னு போட்டிருக்கே.”

“ஆமா சார். அதுதான் உண்மை.”

“கருத்தரங்குக் கட்டுரையில இல்லைன்னு போட்டிருக்கோமே. அதை ஏத்துக்கிட்டாங்க, அச்சுக்குப் போயிடுச்சு. ரிடையர் ஆகற நேரத்துல என் கட்டுரையை நானே தப்புன்னு கையெழுத்துப் போடணுமா?”

“திரும்ப வாங்கிக்கலாம் சார். பட்டியல் தப்புன்னு ஒரு கடிதம் எழுதினா போதும்.”

“அதுல அறுபது பேரு, இதுல முப்பத்தெட்டு பேரு. எது பெருசு? இங்க பாரும்மா, உனக்கு வாதம் வேணுமா, பட்டம் வேணுமா? முதல்ல எழுதினதைக் கொண்டா, இப்பவே கையெழுத்துப் போடறேன். பட்டம் வாங்கினப்புறம் இதை நீ தனியா எழுதிக்க. உன்னை யாரு தடுக்கறா?”

ஒரு மணி நேரம் பேசினேன். கெஞ்சினேன் என்பதுதான் சரி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை. நாளையோடு பதிவு முடிகிறது. வேறு நெறியாளரைத் தேட மூன்று மாதம் வேண்டும். வாசலில் நின்று, கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தேன். ஒடிந்த குடையும் மூன்று தடவை ஏறி இறங்கிய வாசல்களும் கண்ணில் வந்தன. பிறகு வீட்டுக்குப் போய், கணினியில் அழிக்காமல் வைத்திருந்த முதல் ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுத்தேன். அழிக்காமல்தான் வைத்திருந்தேன். ஏன் வைத்திருந்தேன் என்று அன்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் கையெழுத்து விழுந்தது. மதியத்துக்குள் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டேன். அதில் ஊருக்குப் பதினொரு கை. நடுவில் முன்னாள் ஊராட்சித் தலைவர்.

பொங்கலுக்கு முந்தின வாரம், வகுப்பு முடித்து வெளியே வந்தபோது போன் அடித்தது.

“டீச்சர், புத்தகம் குடுத்துட்டீங்களாமே. ரொம்ப சந்தோஷங்க. என் நம்பரு வந்துச்சா?”

அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு வார்த்தையில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன், அதில் நீங்கள் இல்லை என்று. 

“வந்திருக்குங்க” என்றேன்.

“எத்தனாவதா?”

“முதல்ல.”

அவர் சிரித்த சிரிப்பு பக்கத்தில் நின்ற மாணவிக்கே கேட்டிருக்கும். அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தார். நான் துறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, இருநூற்றுப் பதினெட்டாம் எண்காரர் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் கடைமடை டிராக்டர்காரர். அவருக்குப் பின்னால், வங்கத்திலிருந்து ஆள் கொண்டுவருகிறவர், உடைந்த தமிழில். எல்லோரும் ஒன்றையேதான் கேட்டார்கள்: அவங்க நம்பரு முதல்ல வந்திருக்காமே, எங்க நம்பரும் இருக்கா?

இருக்கு என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன்.